வண்டியில் ஏறிய மின்சாரம்

ஆந்திர மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்கு அருகே, குடுபல்லி என்றோர் ஊர் உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அதன் பெயரால் ஒரு சிறு நிலையமும் இருக்கிறது. ஆந்திரம், தமிழகம், கன்னட நாடு ஆகிய மூன்றின் எல்லைகளும் நெருங்கிவரும் பகுதியாதலின், ஒரே திண்ணையில் மூன்று மொழிகளையும் அங்கே கேட்கலாம். கோடைக்காலத்தில் இவ்வட்டாரத்து ஊர்கள் கங்கம்மனுக்குத் திருவிழா எடுக்கும். இரவானதும் அம்மன் ஊர்வலம் புறப்படும்.

முன்னாளில் இவ்வூர்வலங்களுக்கு ஒளி தந்தவை காஸ்லைட் என்று மக்கள் வழங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்குகள். விளக்கைத் தலையில் சுமந்து வரிசையாக நடப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். இன்று அவ்வரிசை இல்லை. டிராக்டரின் பின்வண்டியிலோ சிறு லாரியிலோ இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டி, அதன்மேல் பூ அலங்காரம் செய்து, ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளைக் கோத்துவிடுகின்றனர். பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள். இவ்வளவுக்கும் மின்சாரம் கொடுப்பது, வண்டியின் வாலில் நின்று உறுமும் ஜெனரேட்டர். பிள்ளைகள் வண்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடுவார்கள். பெண்கள் ஈரத் தெருவில் வெறுங்காலுடன் நின்று ஆரத்தி எடுப்பார்கள். காஸ்லைட்டுக் காலத்தில் வண்டியைத் தொட்டவனுக்குக் கை சுடுவதற்கு மேல் ஆபத்து இல்லை. இப்போது தொடுகிறவன் எதைத் தொடுகிறான் என்பதையே இப்பேச்சில் ஆராய விரும்புகிறேன்.

ஆராயவேண்டிய காரணமும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, மேற்கு வங்காளத்தில், கூச்பிகார் மாவட்டத்தைச் சேர்ந்த மெக்லிகஞ்சுப் பகுதியில் ஒரு சிறு லாரி சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் ஜல்பேஷ் சிவன் கோவிலுக்குச் செல்லும் யாத்திரிகர்கள். வழிநெடுகப் பாட்டுக் கேட்பதற்காக ஒலிபெருக்கிகளும், அவற்றை இயக்குவதற்காக ஒரு ஜெனரேட்டரும் வண்டியின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தன. ஓடும் வண்டியிலேயே மின்சாரம் பாய்ந்து 10 பேர் மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜெனரேட்டரின் ஒயர் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு காரணமாக இருக்கலாம் என்று காவல்துறையின் தொடக்க விசாரணை தெரிவித்தது. எந்தக் கம்பி எங்கே பட்டது என்று நாம் ஊகித்துச் சொல்வது முறையன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்கள் தரையில் நிற்கவில்லை. ரப்பர்ச் சக்கரங்களின் மேல் சென்ற ஒரு வண்டிக்குள் இருந்தார்கள். மின்சாரம் மண்ணைத் தேடி ஓடும், மண்ணைத் தொடாதவனை அது தீண்டாது என்று நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணம் அங்கே பொய்த்துவிட்டது.

அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் வீட்டு மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் அது பெரிதும் உண்மைதான்.

குடுபல்லிக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே நடந்து, சுரங்கத்தின் எந்திரங்களை அது ஓட்டியது. அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தொலைவிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வரும் ஏற்பாடு அன்று எப்படியோ இன்றும் அப்படியே. இவ்வேற்பாட்டில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒன்று உண்டு. தெருமுனையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் கம்பிகளுள் ஒன்றாகிய நியூட்ரல், அந்த டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலேயே மண்ணோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மற்றொரு கம்பியாகிய ஃபேஸை ஒருவன் தொட்டுவிட்டால், மின்சாரம் அவன் உடல் வழியே காலுக்கு இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, டிரான்ஸ்ஃபார்மரின் அடிக்கே திரும்பிச் சேருகிறது. மண் அங்கே மின்சாரத்துக்குப் போக்கிடம் அன்று, திரும்பும் வழி. மின்சாரம் எங்கே பிறந்ததோ அங்கே திரும்புவதையே விரும்புகிறது. மண்ணின் மேல் அதற்குத் தனிப்பட்ட ஆசை ஏதும் இல்லை.

இந்நிலையில் ஜெனரேட்டரை நினைத்துப் பாருங்கள். அது தானே ஒரு சிறு மின் நிலையம். அதில் பிறக்கும் மின்சாரம் அதற்கே திரும்பவேண்டும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரோடு அதற்கு உறவு இல்லை. பல சிறிய ஜெனரேட்டர்களில், உள்ளே சுற்றியுள்ள செம்புச் சுருளின் இரு முனைகளில் எதுவும் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. மின்னியலார் இதனை மிதக்கும் ஏற்பாடு என்பர். அத்தகைய ஜெனரேட்டரின் ஒரு கம்பியை மட்டும், தரையில் நின்றபடி, ஒருவன் தொட்டானென்றால் அவனுக்கு அதிர்ச்சி ஏதும் தோன்றாது. திரும்பும் வழி இல்லாததே காரணம்.

இது நல்லதுதானே என்று தோன்றும். இதிலேதான் வஞ்சனை இருக்கிறது. எஞ்சினின் நடுக்கத்தால் ஒயர் ஒன்று வண்டியின் இரும்பு விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்துபோகிறது. உள்ளிருக்கும் செம்பு வண்டியின் உடலைத் தொடுகிறது. விளக்குகள் எரிகின்றன, பாட்டுக் கேட்கிறது, ஃபியூஸ் போகவில்லை, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த நொடி முதல் வண்டி முழுவதும் ஜெனரேட்டரின் ஒரு முனை ஆகிவிட்டது. இப்படியே ஒரு மாதங்கூடக் கழியலாம். பிறகு ஒருநாள் மற்றொரு கம்பியும் வேறோர் இடத்தில் உரிகிறது. அது ஒலிபெருக்கிப் பெட்டியின் தகட்டைத் தொடலாம். ஈரத்தில் தொங்கும் விளக்குச் சரம் ஒன்று தெருவிலுள்ள இரும்புத் தோரணத்தில் சாயலாம். இப்போது ஒரு கையால் வண்டியையும் மறு கையால் பெட்டியையும் பற்றியவன் 230 வோல்ட்டுக்கு நடுவே பாலமாக நிற்கிறான். அவன் மண்ணைத் தொடவேண்டிய தேவையே இல்லை. முதற் கோளாறு வாய் திறவாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது; இரண்டாவது வரும்போது உயிர் போகிறது.

எவ்வளவு மின்சாரம் உயிரைக் குடிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஓர் ஆம்பியரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தால் சுருக்கென்று உணர்வோம். பத்து அளவில், பிடித்த பிடியைக் கை விடாது, தசைகள் இறுகிவிடும். முப்பதுக்கு மேற்பட்டுச் சற்று நேரம் நீடித்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெடக்கூடும். நனைந்த உடலின் தடையை 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவ்வுடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். ஒரு சிறு குண்டு விளக்கை எரிக்கும் அளவுதான் இது. இதைப் போய் 16 ஆம்பியர் ஃபியூஸ் எப்படி உணரும்? ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆளைக் காப்பதற்காக அன்று.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு சொல்லைச் சொல்ல அனுமதிக்கவேண்டும். நான் மின்னியல் கற்றவன் அல்லேன். அரசாங்க ஏடுகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவது என் வேலை. பாதுகாப்பு விதிகளைப் பெயர்க்கும்போதெல்லாம் எனக்கு இடர் தரும் சொல் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை எர்த் என்பர். அமெரிக்கர் கிரவுண்ட் என்பர். நாம் நில இணைப்பு என்றும் புவி இணைப்பு என்றும் எழுதுகிறோம். எல்லாச் சொற்களும் மண்ணையே சுட்டுகின்றன. வீட்டைப் பொறுத்தவரை அதனால் கேடு இல்லை. ஜெனரேட்டர் வண்டிக்கு வரும்போது அச்சொல்லே மக்களை வழிதவறச் செய்கிறது. "எர்த் கொடுத்திருக்கிறதா?" என்று விழாக் குழுவினர் கேட்பார்கள். "கொடுத்திருக்கிறேனே!" என்று வாடகைக்காரர் காட்டுவார். பார்த்தால், வண்டி நிற்குமிடத்தில் ஒரு முழ இரும்புக் கம்பி மண்ணில் செருகப்பட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஜெனரேட்டரின் காலில் முறுக்கப்பட்டிருக்கும். ஊர்வலம் நகரும்போது அதுவும் பிடுங்கப்பட்டுவிடும்.

பிடுங்காமலே இருந்தாலும் என்ன பயன்? மிதக்கும் ஜெனரேட்டராயின் அக்கம்பி திரும்பும் வழியாகாது. சுருளின் முனையோடு அதற்குத் தொடர்பே இல்லையே. சுருளின் ஒரு முனையை நியூட்ரலாகக் கொண்டு அக்கம்பியோடு இணைத்திருந்தாலும் கணக்கைப் பாருங்கள். குப்பம், குடுபல்லிப் பக்கம் கருங்கல் நிறைந்த பூமி. கோடையில் மண் ஈரப்பசையின்றிக் காய்ந்து கிடக்கும். அத்தகைய தரையில் ஒரு முழக் கம்பி எளிதில் 100 ஓமுக்கு மேல் தடை காட்டும். 100 என்றே வைத்துக்கொள்வோம். ஃபேஸ் ஒயர் உரிந்து இரும்புத் தோரணத்தில் பட்டால் மண் வழியே திரும்பும் மின்சாரம் 230-ஐ 100 ஆல் வகுத்தது, அதாவது 2.3 ஆம்பியர். அதற்குப் பதினாறு ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. தோரணம் இரவு முழுவதும் மின்னேற்றத்தோடு நிற்கும். கம்பி செருகியாகிவிட்டது என்ற மன நிம்மதி மட்டும் எல்லோருக்கும் மிச்சம்.

ஆகவே ஜெனரேட்டர் வண்டியில் எர்த் என்ற சொல்லுக்கு, வேண்டாத மின்சாரம் உடனே திரும்பிச் செல்வதற்கான தடையற்ற செம்பு வழி என்றே பொருள் கொள்ளவேண்டும். அவ்வழி மண்ணில் இல்லை, வண்டியிலேயே அமைக்கப்படவேண்டும்.

அமைக்கும் முறை கடினமானதன்று. ஜெனரேட்டரின் இரும்பு உடல், வண்டியின் சட்டம், பூப்பல்லக்கின் குழாய்கள், ஒலிபெருக்கிகளின் தகட்டுப் பெட்டிகள் ஆகிய அனைத்தையும் தடித்த செம்பு ஒயரால் ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். அங்ஙனம் பிணைத்தபின் ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் மற்றொன்றையும் பற்றியவனுக்கு இடையே மின் அழுத்த வேறுபாடு எழ இடமிராது. அடுத்து, ஜெனரேட்டரின் நியூட்ரல் முனையை அந்தப் பிணைப்போடு ஓரிடத்தில், ஒரே இடத்தில், சேர்க்கவேண்டும். இதனைத் தகுதி பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். ஜெனரேட்டரின் வகையைப் பார்த்து, உற்பத்தியாளரின் குறிப்பைப் படித்து, அவர் தீர்மானிப்பார். இப்போது ஃபேஸ் ஒயர் உரிந்து வண்டியின் உடலைத் தொட்டால், முதற் கோளாறு மௌனமாக இராது. அக்கணமே பெருமின்சாரம் செம்பு வழியே திரும்ப முற்படும்.

ஆனால் இங்கும் ஒரு சிக்கல். அரசாங்க மின்பாதையில் குறுக்கு இணைப்பு நேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸைக் கணத்தில் எரித்துவிடும். சிறு ஜெனரேட்டருக்கு அவ்வளவு வலிமை கிடையாது. அது திணறும்; விளக்குகள் மங்கும்; ஃபியூஸ் போவதற்குத் தேவையான மின்சாரத்தை அதனால் தர இயலாமற் போகலாம். வலிமை குறைந்தது ஆதலால் ஆபத்தும் குறைவு என்று கருதுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

இக்குறையை நிறைவு செய்வதுதான் ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கும் சிறு சுவிட்ச். அதன் வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஃபேஸ் வழியே எவ்வளவு மின்சாரம் சென்றது, நியூட்ரல் வழியே எவ்வளவு திரும்பியது என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சென்றதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை அதற்குக் கவலை இல்லை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவருடைய உடல் வழியாகவோ வண்டியின் தகட்டின் வழியாகவோ வேறு பாதையில் செல்கிறது என்று கொண்டு, ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று அச்சுவிட்சின் முகத்திலேயே பொறித்திருக்கும். 100, 300 என்று பொறித்தவையும் கடையில் உண்டு; ஆளைக் காக்க அவை போதா.

ஒன்றை மறத்தல் கூடாது. நியூட்ரலையும் வண்டியின் உடலையும் சேர்க்கும் முடிச்சு, இச்சுவிட்சுக்கு முன்னால், ஜெனரேட்டரின் பக்கத்தில் இருக்கவேண்டும். சுவிட்சைத் தாண்டி விளக்குகளின் பக்கத்தில் இன்னொரு முடிச்சும் விழுந்தால் கணக்கு எப்போதும் பிசகும். சுவிட்ச் நிற்கவே நிற்காது. அப்போது என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இது சும்மா சும்மா விழுகிறது" என்று சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைத்துவிடுவார்கள். முடிச்சே இல்லாத மிதக்கும் ஜெனரேட்டரிலோ அது விழவே விழாது. கணக்குப் பார்ப்பதற்கு வேறு பாதையே இல்லாமையால், இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இனி, ஒயர்களைப் பற்றிச் சிறிது. சுவருக்குள் பதிப்பதற்கென்று செய்த விறைப்பான ஒயரை நகரும் வண்டியில் கட்டுவது தவறு. வளைந்து வளைந்து அதன் உறை வெடிக்கும். தடித்த ரப்பர் உறையுள்ள நெகிழ்வான கேபிள் கிடைக்கிறது. தகட்டில் துளை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்கவேண்டும். உருளையில் சுற்றிய கேபிளை முழுவதும் பிரித்தே பயன்படுத்தவேண்டும். சுற்றியபடியே மின்சாரம் செலுத்தினால் உட்சுற்றுகள் சூடேறி உருகும். மேலும், நம் ஊர்களில் பரம்பரையாக வந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கத்தையும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. பிளக் இல்லாமல், ஒயரின் நுனியை உரித்துத் துளையில் செருகி, அது விழாதிருக்கத் தீக்குச்சியால் ஆப்பு வைப்பதே அவ்வழக்கம். அந்தத் தீக்குச்சி மின்பணியாளரின் கைத்திறனுக்குச் சான்றாகப் பாராட்டப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

தலைக்கு மேலும் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் திருவிழாவின் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். அங்கே உயிர்களைக் கொண்டது ஜெனரேட்டரின் மின்சாரம் அன்று. மேலே சென்ற கம்பியின் மின்சாரம். நாம் இதுவரை சொன்ன பிணைப்பும் சுவிட்சும் அதற்கு எதிரே ஒன்றும் செய்யமாட்டா. அதற்கு மருந்து ஒன்றே: செல்லும் வழியையும் நேரத்தையும் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஊர்வலம் கடக்கும்வரை கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் செய்வதும், அலங்காரத்தின் உயரத்தை அளந்து கட்டுவதும்.

ஊர்வல வண்டிக்குச் சொன்னதெல்லாம் மற்றொரு வண்டிக்கும் பொருந்தும். கேரவன் என்ற சொல் தமிழர்களுக்குச் சினிமாப் படப்பிடிப்பின் வழியே அறிமுகமானது. நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே பலர் அறிவர். இப்போது படுக்கை, அடுப்பு, குளிரூட்டி முதலியவற்றோடு கூடிய வீட்டு வண்டியில் சுற்றுலாச் செல்வதும் பரவி வருகிறது. கேரள அரசாங்கம் 2021-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. வீட்டு வண்டியும் ரப்பர்ச் சக்கரத்தின் மேல் நிற்கும் தகட்டுப் பெட்டிதான். அதன் படியில் ஒரு கால், ஈரப் புல்லில் ஒரு கால் என்று ஏறுகிறவனுடைய நிலை, ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்ணின் நிலைக்கு வேறன்று.

வீட்டு வண்டிக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்று, அதற்கு இரு தாய்கள் இருப்பது. வழியில் ஜெனரேட்டரும், விடுதியை அடைந்தால் அவ்விடத்து மின்சாரமும் அதனை ஊட்டுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் இணையாதபடி, ஒன்றை விட்டாலன்றி மற்றொன்றைத் தொடாத மாற்றுச் சுவிட்ச் அவசியம். ஜெனரேட்டரில் போட்ட நியூட்ரல் முடிச்சும் ஜெனரேட்டரோடு மட்டுமே இருக்கவேண்டும். விடுதி மின்சாரத்துக்கு மாறும்போது அது கூடவே வரலாகாது. அதற்கு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சே ஏற்றது. விடுதியின் இணைப்பில் எர்த் துளை பெயரளவுக்கு இருக்கிறதா, உண்மையாகவே இருக்கிறதா என்று சோதித்தபின்தான் வண்டியைச் சேர்க்கவேண்டும். இரண்டு முள் பிளக்கால் வீட்டு வண்டியை இணைப்பதைக் காட்டிலும் இருட்டில் இருப்பது மேல்.

இதே மாற்றுச் சுவிட்ச் இல்லாமையால் விளையும் வேறொரு கேடும் உண்டு. மின்தடை நேர்ந்ததும், இரு பக்கமும் முள் வைத்த ஒயரைக் கொண்டு ஜெனரேட்டரின் மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள துளை வழியே உள்ளே செலுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. தெருவுக்குச் சென்று, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் புகுந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகி, நிறுத்திவிட்டதாக நம்பிக் கம்பத்தின் மேல் ஏறியிருக்கும் தொழிலாளியை அடையும். இருட்டு நீங்குவதற்காக உழைக்க வந்தவனுக்கு நாம் செய்யும் கைம்மாறு அது.

மின்சாரத்தோடு சேர்ந்தே வரும் புகையையும் சொல்லியாகவேண்டும். 2024 டிசம்பரில், கேரளத்தில் வடகரைக்கு அருகே நெடுஞ்சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு வீட்டு வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு, வண்டியின் தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் சோதித்துக் கண்டனர். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவனை எழுப்புவதில்லை. வண்டிக்குள்ளோ வண்டியின் அடியிலோ இடம் ஒதுக்கிப் பொருத்துவது வசதிதான். ஆனால் தங்குமிடத்தில் ஜெனரேட்டரைக் கீழே இறக்கி, சன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் சுமார் 20 அடி தள்ளி, புகைக்குழல் வெளிப்புறம் நோக்கும்படி வைத்து, நீண்ட கேபிளால் மின்சாரம் கொண்டுவருவதே உயிருக்கு வசதி. நிலையாகப் பொருத்தியதாயின், மக்கள் உறங்கும் நேரத்தில் அதை நிறுத்திவிடுதல் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவன் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவனைப் பிடித்து இழுக்க ஓடாதீர்கள். ஜெனரேட்டர் அருகிலேயே இருக்கிறது, எஞ்சினை நிறுத்துங்கள். வீட்டு மின்சாரத்தில் கிடைக்காத ஒரு நன்மை இது. அதனை எப்படி நிறுத்துவது என்று ஓட்டுநருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வண்டியோடு நடக்கும் நாலைந்து பேருக்காவது தெரிந்திருக்கவேண்டும். எஞ்சின் நின்றபின், மூச்சின்றிக் கிடப்பவனை மல்லாத்தி, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். மருத்துவ உதவி வரும்வரை அதை நிறுத்தலாகாது. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றிலும் 108 என்ற ஒரே எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம்; எல்லையூர்க்காரர்களுக்கு இது ஓர் அனுகூலம்.

இறுதியாக, திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு விளக்கு எரியும், எத்தனை பெட்டி பாடும், எவ்வளவு டீசல் குடிக்கும் என்றெல்லாம் பேரம் பேசுகிறீர்கள். அதோடு, மாலையில் வண்டி கோவில் வாசலுக்கு வந்து நின்றதும், கூட்டம் சேருமுன்னே, இரண்டு சோதனைகளைச் செய்து காட்டும்படி கேளுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்.சி.சி.பி.யின் முகத்திலுள்ள, டி என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த பொத்தானை அழுத்தவேண்டும். விளக்குகள் அனைத்தும் டக்கென்று அணையவேண்டும். ஆனால் அதனோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அப்பொத்தான் சுவிட்சின் உடல்நலத்தை மட்டுமே சோதிக்கிறது. வண்டியின் பிணைப்பு அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையத்தான் செய்யும். ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்பணியாளரின் மீட்டரை ஜெனரேட்டரின் நியூட்ரல் முனையிலும் வண்டியின் சட்டத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சட்டத்துக்குப் பதில் பல்லக்கின் குழாயில், அதன்பின் ஒலிபெருக்கியின் தகட்டில். பெயிண்டைச் சுரண்டிவிட்டு வைக்கவேண்டும். ஒவ்வோரிடத்திலும் மீட்டர் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டும். காட்டாத இடத்தில் பிணைப்பு இல்லை. அதைச் சரிசெய்தபின் வண்டி புறப்படட்டும்.